வாக்குரிமை கேட்ட கவிக்குயில்

சரோஜினி நாயுடு 1879ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். அவருடைய தந்தை அகோரநாத் சட்டோபாத்தியாயர், அந்நகரில் நிசாம் கல்லூரி உருவாக வித்திட்ட கல்வியாளர். சரோஜினி பன்னிரண்டாம் வயதிலேயே சென்னைப் பல்கலைக்கழக மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். கவிதைகளால் புகழும் பெற்றார்.

அக்காலத்தில் இந்தியப் பெண்களுக்குச் சட்டமன்றத் தேர்தலில் வாக்குரிமை இல்லை. 1917 டிசம்பரில் இந்திய விவகார அமைச்சர் மாண்டேகு சென்னைக்கு வந்தபோது, பெண்கள் குழு ஒன்று அவரைக் கண்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் சரோஜினி. ஆண்களுக்கு வழங்கும் வாக்குரிமையைப் பெண்களுக்கும் வழங்க வேண்டும் என்பதே அக்குழுவின் கோரிக்கை. 1919இல் அவர் இலண்டனுக்கே சென்று நாடாளுமன்றக் குழுவின்முன் வாதிட்டார். அவ்வாண்டுச் சட்டமோ தானாக முடிவு செய்யாமல், பொறுப்பை மாகாணச் சட்டமன்றங்களிடம் தள்ளிவிட்டது. மாகாணங்களுள் முதலாவதாகச் சென்னை 1921இல் இசைந்தது. ஆயினும் சொத்து முதலிய தகுதி உடையோரே வாக்களிக்க இயன்றது. ஏழைப் பெண்களுக்கு, ஏன், ஏழை ஆண்களுக்குமே, வாக்குச்சாவடி எட்டாத இடமாகவே இருந்தது.

1925இல் கான்பூர் காங்கிரசுக்குத் தலைமை ஏற்ற அவர், 1947இல் ஐக்கிய மாகாண ஆளுநரானார். 1949 மார்ச் 2ஆம் நாள் இலக்னோவில் மறைந்தார். இருபத்தொரு வயது நிரம்பிய ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கிய முதல் பொதுத்தேர்தல் 1951-52இல் நடைபெற்றது. அதனைக் காண அவர் இல்லை.