கண்ணாடித் துண்டும் கம்பிக் கூண்டும்

தெருவோரங்களில் நிற்கும் சாம்பல் நிறப் பெட்டிகளை நாம் நாள்தோறும் கடந்து செல்கிறோம். சிலவற்றில் மின் இணைப்புகள் உள்ளன. வேறு சிலவற்றில் பைபர் கேபிள் எனப்படும் கண்ணாடி இழைகள் வந்து சேர்கின்றன. தலைமுடியளவே பருமன் உள்ள அந்த இழைகளில் ஓடுவது மின்சாரம் அன்று, ஒளி. அந்த ஒளி ஒழுங்காகப் போய்ச் சேருவதற்கும், பெட்டியின் உலோகச் சுவர் தன் காவலைச் செய்வதற்கும், 1867-ஆம் ஆண்டிலேயே மறைந்த ஒரு மேதைக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். அவர்தான் மைக்கேல் பாரடே.

பாரடே 1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் லண்டன் மாநகரின் அருகே பிறந்தார். தந்தை நோயுற்ற ஒரு கொல்லர். வீட்டில் வறுமை குடிகொண்டிருந்தது. எழுதவும் படிக்கவும் சிறிது கணக்குப் போடவும் கற்றதோடு அவருடைய பள்ளிப் படிப்பு முடிந்தது. 14-ஆம் வயதில் புத்தகம் பைண்டு செய்யும் ஒரு கடையில் வேலை பழகச் சேர்ந்தார். பிறர் புத்தகங்களைத் தைத்து ஒட்டுவதோடு அவர் நிற்கவில்லை. தைக்க வந்த நூல்களைப் படிக்கவும் செய்தார். அவற்றுள் ஒன்று, ஜேன் மார்செட் என்னும் பெண்மணி வேதியியலை உரையாடலாக விளக்கி எழுதிய நூல். குறிப்பாகப் பெண்களுக்கென்றே எழுதப்பட்ட அந்த நூல்தான் அவரை விஞ்ஞானத்தின் பக்கம் திருப்பியது. தோழியரே, இது நாம் பெருமையோடு நினைவில் வைக்க வேண்டிய செய்தி அல்லவா?

1812-ஆம் ஆண்டு, ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி ஆற்றிய சொற்பொழிவுகளைக் கேட்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. கேட்டவற்றை அழகாக எழுதி, படங்கள் வரைந்து, தம் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். மறு ஆண்டு மார்ச் மாதம் அங்கேயே உதவியாளராக அமர்ந்தார். பிறகு 1831-இல், காந்தத்தின் அசைவால் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறப்பதைக் கண்டார். இன்றைய மின் உற்பத்தி நிலையங்களில் பெரும்பாலானவை இயங்குவது இந்த உண்மையைக் கொண்டுதான்.

இதற்கு முன்னால் அவர் ஒரு தோல்வியையும் சந்தித்திருந்தார். தொலைநோக்கிகளுக்கு ஏற்ற நல்ல கண்ணாடி செய்யும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1820-களின் பிற்பகுதியில் ஆண்டுக்கணக்கில் உலையின் முன் நின்று உழைத்தார். எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. ஈயம் கலந்த சில கனமான கண்ணாடித் துண்டுகளே மிஞ்சின. அவர் அவற்றை எறிந்துவிடவில்லை.

1836-இல் அவர் செய்த சோதனை கதை போன்றது. பக்கத்துக்கு 12 அடி உள்ள ஒரு பெரிய கூண்டை மரச் சட்டங்களால் கட்டி, அதன் மேல் கம்பியும் உலோகத் தகடும் போர்த்தினார். இயந்திரத்தால் அதற்குப் பலத்த மின்னூட்டம் ஏற்றப்பட்டது. வெளியே தீப்பொறிகள் பறந்தன. பாரடேயோ தம் கருவிகளுடன் உள்ளே இருந்தார்! உள்ளே மின்சாரத்தின் சுவடே தெரியவில்லை. உலோகக் கூட்டின் மீது ஏற்றிய மின்னூட்டம் வெளிப்புறத்திலேயே தங்கிவிடும் என்பது விளங்கியது. மின்கருவிகளை இன்று உலோகப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைத் தரையோடு கம்பியால் இணைப்பது ஏன் என்பது இப்போது நமக்குப் புரிகிறது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது; ஆகையால் அருகே மின்கம்பி சென்றாலும் அதிலுள்ள செய்தி கலங்காது. ஆனால் ஒளியை மீண்டும் மின்சாரமாக மாற்றும் கருவிகளுக்குக் காவல் தேவை. பெட்டியின் கதவு இடுக்கில்கூட உலோகத் தொடர்பு அறுந்துவிடாதபடி செம்புப் பட்டையால் இணைக்கிறார்கள். மழையை மட்டும் தடுக்கும் சாதாரணப் பிளாஸ்டிக் பெட்டி இந்தக் காவலைத் தராது.

1845-ஆம் ஆண்டு செப்டம்பரில், ஒதுக்கி வைத்த அந்தக் கனமான கண்ணாடிக்கு வேளை வந்தது. ஒரே தளத்தில் அதிரும் ஒளியை அதனூடே செலுத்தி, அருகே வலிமையான காந்தத்தை வைத்தார். ஒளியின் அதிர்வுத் தளம் சற்றே திரும்பியது! ஒளிக்கும் காந்தத்திற்கும் உறவு உண்டு என்பதை உலகம் அன்று அறிந்தது.

பைபர் இணைப்புகளில் லேசர் ஒளியின் ஒரு சிறு பகுதி எதிரொளித்துத் திரும்பி வந்தால் லேசர் தடுமாறும். அதைத் தடுக்க விரல் பருமனே உள்ள ஒரு கருவியைப் பொருத்துகிறார்கள். காந்தத்தின் நடுவே ஒரு படிகம். முன்னும் பின்னும் ஒளி வடிகட்டிகள். போகும் ஒளி 45 பாகை திரும்பி வெளியேறுகிறது. திரும்பி வரும் ஒளி அதே பக்கமாக மேலும் 45 பாகை திரும்பி, ஆக 90 பாகையாகி, வாசல் வடிகட்டியில் தடைபட்டு நிற்கிறது. ஒருவழிக் கதவு போன்ற இந்தக் கருவியின் உயிர்நாடி, பாரடே அன்று கண்ட உண்மையே.

உயர் கணிதம் பாரடேக்குத் தெரியாது. அவர் கருத்துகளுக்குக் கணித வடிவம் தந்தவர் மாக்ஸ்வெல். ஆயினும் பாரடே தம் சோதனைகளை 16,000-க்கும் மேற்பட்ட எண்ணிட்ட பத்திகளாக எழுதி வைத்தார். நடுவயதில் நினைவாற்றல் குன்றியபோது அந்தக் குறிப்புகளே அவருக்குத் துணை நின்றன. 1867 ஆகஸ்டு 25-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார்.

தேர்வில் மதிப்பெண் குறைந்தால் படித்ததெல்லாம் வீண் என்று நாம் சோர்ந்து போகிறோம். தோற்றுப்போன உழைப்பில் மிஞ்சிய ஒரு கண்ணாடித் துண்டு பல ஆண்டுகள் கழித்து ஒளியின் இரகசியத்தையே திறந்து காட்டியது. உண்மையான உழைப்பு வீணாவதில்லை. அதன் வேளைக்காகக் காத்திருக்கிறது. நாமும் கற்றதைக் குறித்து வைப்போம், காத்து வைப்போம், பொறுமையோடு உழைப்போம்!