காலாபாணி கண்ட மருத்துவர்

அலுவலரை அச்சுறுத்த நம்மவர் சொல்வதுண்டு: தண்ணீரில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன் என்று. ஆங்கிலேயர் ஆண்ட காலத்திலோ, தண்ணீர் சூழ்ந்த அந்தமானே அனைவரும் அஞ்சிய இடம். வடநாட்டார் அதனைக் காலாபாணி, அஃதாவது கருநீர், என்றனர். அந்தப் பழிப்பெயரையே தம் பெயரோடு அணிந்துகொண்ட மருத்துவர் ஒருவர் உண்டு. அவர்தாம் திவான் சிங் காலேபாணி.

பிரிவினைக்கு முந்திய பஞ்சாபின் சியால்கோட் மாவட்டத்தில் பிறந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். படை மருத்துவரான அவரை 1927-ஆம் ஆண்டு அரசு ரங்கூனிலிருந்து அந்தமானுக்கு மாற்றியது. அங்கே அவர் கண்டவர் யார்? கைதிகள், தண்டனை முடிந்து அங்கேயே குடியமர்ந்தோர், அவர்தம் பிள்ளைகள், கூலிகள். மழையும் சதுப்பும் மிகுந்த அத்தீவுகளில் மலேரியா ஏழையரை ஓயாது வாட்டியது. கடல் கடந்து வேறு வைத்தியம் தேட வழியற்ற அவர்களுக்கு, வந்த மருத்துவரே கதி.

ஆணையால் வந்தவர் அன்பினால் தங்கினார். போர்ட் பிளேரில் குருத்வாரா எழுப்பி, பல மொழி பேசுவோரின் பிள்ளைகளுக்கும் அங்கே கல்வி தந்தார். கவிஞருங்கூட, ஓடும் நீர் எனப் பொருள்படும் 'வகதே பாணி' என்னும் நூலை 1938-இல் வெளியிட்டார்.

1942 மார்ச்சில் ஜப்பானியப் படை தீவைக் கைப்பற்றியது. துன்புற்ற மக்களுக்காக அவர் வாதாடினார். ஒற்றர் என்று பழிசுமத்தி, 1943 அக்டோபரில் அவரைச் செல்லுலர் சிறையில் அடைத்தனர். டிசம்பர் இறுதியில் நேதாஜி போர்ட் பிளேருக்கு வந்து கொடியேற்றினார். அந்நாளிலும் இவர் அதே ஊர்ச் சிறையில் வதைபட்டுக் கிடந்தார். 1944 ஜனவரி 14 அன்று, நாம் பொங்கல் கொண்டாடும் தைத் தொடக்கத்தில், உயிர்நீத்தார்.

போர்ட் பிளேர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிற்று. அங்கே 2015 முதல் மருத்துவக் கல்லூரியும் உண்டு. ஆயினும் தொலைதீவில் ஒருவருக்குப் பெருநோய் வந்தால், இடையே கடல் கிடக்கிறது. நோய் ஒன்றுதான், பிழைப்பதும் மாய்வதும் பிறந்த இடத்தைப் பொறுத்ததென்றால் அது நீதியாகுமா?

நண்பர்களே! கட்டடம் எழுப்பினால் மட்டும் இக்குறை தீராது. அங்கே தங்கும் மனிதர் வேண்டும். நாளை நம்மில் ஒருவருக்குத் தொலைவூருக்கு மாற்றல் ஆணை வரலாம். அதனைத் தண்டனை என்று சொல்லுமுன் இவர் பெயரை நினைப்போமாக. நானும் நினைக்கக் கடமைப்பட்டவன்.