சுருட்டு தொழிற்சாலையில் உடை மாற்றிய வீரர்!

குட்டீஸ்... 'புட்பால்' என்றதும், காலால் பந்தை உதைப்பது தானே உங்கள் நினைவுக்கு வருகிறது! அமெரிக்காவில் அந்தப் பெயரில் ஆடுவது, வேறு விளையாட்டு. பந்தின் இரு முனைகளும் கூராக இருக்கும். அதை கையில் இடுக்கி ஓட வேண்டும். எதிரணியினர் பாய்ந்து, ஆளையே கட்டிப்பிடித்து கீழே தள்ளுவர். கிட்டத்தட்ட, பந்தோடு ஆடும் கபடி என வைத்துக் கொள்ளுங்களேன்!

அந்த முரட்டு ஆட்டத்தில் கலக்கியவர் ப்ரிட்ஸ் போலார்ட். உயரம், 5 அடி 9 அங்குலம். எடை, 75 கிலோ தான். மற்றவர்களுக்கு முன் பொடியன்!

சிகாகோ நகரில், 1894, ஜனவரி 27ல் பிறந்தார். தந்தை, முடி திருத்தும் தொழிலாளி. அடிமை முறையை எதிர்த்துப் போராடிய பிரெடெரிக் டக்ளஸின் பெயரையே, மகனுக்கு சூட்டினர். 'ப்ரிட்ஸ்' என்பது செல்லப் பெயர்.

கருப்பினத்தவர் என்பதால், கீழே விழுந்த பின்னும் அவர் மீது குவியலாக விழுந்து நசுக்க முயல்வர், எதிரணியினர். அதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தார். விழுந்த நொடியே மல்லாக்க புரண்டு, சைக்கிள் மிதிப்பது போல் கால்களை சுழற்றுவார். அடியில் கூர்முனை பதித்த ஷூ அல்லவா... யார் கிட்டே வருவர்?

பிரவுன் பல்கலைக் கழகத்தில், 1915ல் சேர்ந்தார். கைச்செலவுக்கு, சக மாணவர்களின் உடைகளை இஸ்திரி போட்டுக் கொடுத்தார். கலிபோர்னியாவில், 1916, ஜனவரி 1ல் நடந்த, 'ரோஸ் பவுல்' போட்டிக்கு அணியினருடன் சென்ற போது, ஓட்டலில் அவருக்கு மட்டும் அறை தர மறுத்து விட்டனர். மொத்த அணியும் வெளியேறி விடும் என, துணைப் பயிற்சியாளர் மிரட்டிய பிறகே அறை கிடைத்தது. அந்தப் போட்டியில் ஆடிய முதல் கருப்பின வீரர் அவரே. சேறும், சகதியுமான மைதானத்தில், அவர் அணி 14 - 0 என தோற்றது.

ஆனால், அதே ஆண்டின் இறுதியில் நடந்ததைக் கேளுங்கள்... புகழ் பெற்ற ஏல் அணியை, 21 - 6 என்றும், மறுவாரமே ஹார்வர்டு அணியை, 21 - 0 என்றும் வீழ்த்தியது பிரவுன். இரண்டிலும் கதாநாயகன் போலார்ட் தான்!

பின், ஓஹியோ மாநிலம், ஏக்ரான் நகர தொழில்முறை அணியில் சேர்ந்தார். அங்கே, மற்ற வீரர்களுடன் உடை மாற்ற முடியாத நிலை. அணி உரிமையாளரின் சுருட்டு தொழிற்சாலையில் உடை மாற்றி, ஆட்டம் துவங்கும் நேரத்தில், காரில் மைதானத்துக்கு வருவார். உள்ளூர் ரசிகர்களே வசை பாடினர். பந்து கையில் வந்ததும், பதில் சொல்லின அவர் கால்கள்.

இன்றைய என்.எப்.எல்., கூட்டமைப்பு, வேறு பெயரில், 1920ல் துவங்கியது. முதல் ஆண்டில், ஒரு ஆட்டத்தில் கூட தோற்காமல் சாம்பியன் ஆனது ஏக்ரான். அடுத்த ஆண்டே, அந்த அணியின் பயிற்சியாளர் பொறுப்பும் போலார்டிடம் வந்தது. ஆடியபடியே பயிற்சியும் தந்தார். அந்தக் கூட்டமைப்பின் முதல் கருப்பின பயிற்சியாளர் அவர் தான்!

ஆனால், 1934 முதல், 1945 வரை கருப்பின வீரர் ஒருவருக்கும் அதில் இடமில்லை. வெளிப்படையாக எந்தத் தடையும் அறிவிக்கவில்லை, சேர்க்கவும் இல்லை. இது தான் அநியாயம்! போலார்ட் சும்மா இருக்கவில்லை. நியூயார்க்கில், கருப்பின வீரர்களைக் கொண்ட, 'பிரவுன் பாம்பர்ஸ்' அணிக்கு பயிற்சி அளித்தார்; பத்திரிகையும் நடத்தினார். அவரது மகன், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில், 110 மீட்டர் தடை ஓட்டத்தில் வெண்கலப் பதக்கம் வென்றார்.

போலார்ட், 1986ல், 92ம் வயதில் இறந்தார். என்.எப்.எல்.,லில், ஆர்ட் ஷெல் என்ற இன்னொரு கருப்பினத்தவர் தலைமைப் பயிற்சியாளர் ஆனது, 1989ல் தான். 68 ஆண்டு இடைவெளி!

புகழ் பெற்ற வீரர்களை கவுரவிக்கும் அரங்கம், ஓஹியோவின் கேன்டன் நகரில் உள்ளது. ஏக்ரானில் இருந்து, காரில் அரை மணி நேரத்தில் போய் விடலாம். போலார்டின் பெயர் அங்கே போய்ச் சேர்ந்தது, 2005ல்!