ஓவியர் மாலியும் கோட்டுக்கலையும்

தமிழ் இதழியல் வரலாற்றை எழுதப் புகுவோர் ஆசிரியர்களையும் கதாசிரியர்களையும் விரிவாகப் பேசுவர். ஓவியர்களை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவர். அவ்வாறு கடந்துவிட இயலாதவர் மாலி. இயற்பெயர் டி. ஆர். மகாலிங்கம். இதே பெயரில் திரைப்பட நடிகர் ஒருவரும் புல்லாங்குழல் மேதை ஒருவரும் பெரும்புகழ் பெற்றனர். குழல் மேதைக்கு மாலி என்னும் சுருக்கப் பெயரும் அமைந்துவிட்டது. ஓவியர் மாலியின் பெயர் மங்கியமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

மாலியின் கை ஆங்கில நாளிதழ்களுக்குக் கேலிச்சித்திரம் வரைந்து பழகிய கை. 1928இல் ஆனந்த விகடனை வாங்கிய எஸ். எஸ். வாசன், 1930களின் தொடக்கத்தில் அவரைத் தம் இதழுக்குக் கொணர்ந்தார். அக்காலத்தில் கல்கி, கர்நாடகம் என்னும் புனைபெயரில் இசை விமரிசனம் எழுதிவந்தார். மாலியோ வித்துவான்களைக் கோடுகளில் வடித்தார். பாடகர் வாய் திறக்கும் விதமும், அவர் கை காற்றில் இடும் கோலமும் அக்கோடுகளில் அகப்பட்டன. உருவத்தைப் பெருக்கிக் காட்டினாரேயன்றி எவரையும் சிறுமைப்படுத்தவில்லை. கேலிக்கும் அவமதிப்புக்கும் இடையேயுள்ள எல்லையை அறிந்தவர் அவர்; இன்று அவ்வெல்லை அடிக்கடி மீறப்படுவதைக் காணும்போது அவர் நினைவு வருகிறது.

அவர் கைத்திறனை மதிப்பிட அக்கால அச்சுமுறையை அறிதல் வேண்டும். ஓவியர் தடித்த அட்டையில் பென்சிலால் உருவமைத்து, அதன்மேல் தொட்டெழுதும் பேனாவாலோ தூரிகையாலோ கறுப்பு மை இடுவார். பெரும்பாலும் அச்சில் வருவதினும் பெரிதாக வரைவதே வழக்கம். அதனைப் புகைப்படமெடுத்துத் துத்தநாகத் தகட்டில் பதித்து, அமிலத்தால் அரித்துப் பிளாக் செய்வர். கோட்டுப் பிளாக்கில் கறுப்பு உண்டு, தாளின் வெண்மை உண்டு. இடைப்பட்ட சாம்பல் நிறம் இல்லை. நிழல் வேண்டுமாயின் நுண்கோடுகளை அடுக்கியே காட்ட வேண்டும். கோடு மிக மெலிந்தால் தகட்டில் அழிந்துபோகும். மிக நெருங்கினால் மை ஊறித் திட்டாகிவிடும். மலிவான செய்தித்தாளிலோ இவ்விடர் இருமடங்கு. எனவே எதை வரையாது விடுவது என்னும் தெளிவே இக்கலையின் உயிர். மாலியிடம் அத்தெளிவு இருந்தது.

அச்சுப்படியில் சீராகத் தெரியும் கோடு மூலத்தாளில் வேறாக இருக்கும். அழிக்கப்பட்ட பென்சில் தடம், வெள்ளை வண்ணத்தால் மறைத்த திருத்தம், பேனா அழுந்திய இடத்து மையின் செறிவு ஆகியன ஓவியர் தயங்கியதையும் துணிந்ததையும் காட்டும். ஆயினும் பிளாக் செய்து முடிந்ததும் அந்த அட்டை வேலை தீர்ந்த பொருளாகவே கருதப்பட்டது. நாளிதழ்ச் சித்திரத்தொடரைப் பெருங்கலையாக வளர்த்த அமெரிக்காவிலும் எண்ணற்ற மூலங்கள் இவ்வாறே குப்பைக்குச் சென்றன. கவிஞரின் கையெழுத்துப்படியைப் பேணும் நாம் ஓவியரின் கைப்படியையும் பேணியிருக்க வேண்டாமா?

மாலி தம் கலையைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. சேர்வராயன் மலை அடங்கிய பழைய சேலம் மாவட்டத்தின் நாமக்கல்லில் 1919இல் பிறந்த சீனிவாசன் என்னும் இளைஞரின் திறம் சிற்பங்களை வரைவதில் உள்ளதெனக் கண்டு, அவருக்குச் சில்பி எனப் பெயரிட்டார். அந்தச் சில்பி பிற்காலத்தில் தென்னாட்டுக் கோயில்கள்தோறும் சென்று அமர்ந்து, கல்லில் கண்டதைப் பேனாக் கோட்டில் வடித்தார். கும்பகோணத்தில் ஓவியம் பயின்ற கோபாலன், மாலியிட்ட பெயரால் கோபுலு ஆனார். திருவையாற்றுக்குச் சென்று, தியாகராசர் வழிபட்ட இராமர் பட்டாபிடேகப் படத்தைப் பார்த்து வரைந்து வருமாறு அவரை மாலி பணித்தார். அவ்வோவியம் 1941ஆம் ஆண்டுத் தீபாவளி மலருக்காக வரையப்பட்டது. ஒருவரைக் கோயிலுக்கும் மற்றவரை நகைச்சுவைக்கும் ஆற்றுப்படுத்தியது ஒரே ஆசிரியரின் கண். சொல்லே இல்லாமல், அடுத்தடுத்த கட்டங்களில் நகைக்கவைக்கும் தொடர்ச்சித்திரங்களைக் கோபுலு பின்னர் விகடனில் வரைந்தார்.