நாவலரும் திருக்கேதீச்சரமும்

ஈழநாட்டின் வடமேற்குக் கடலோரத்திலே, மன்னார்த் தீவிற்கு எதிரே, மாதோட்டம் என்னும் பழைய துறைமுகம் இருந்தது. ஆங்குப் பாலாவிக் கரையில் விளங்கிய திருக்கேதீச்சரத்தைத் திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாரும் சுந்தரமூர்த்தி நாயனாரும் பாடியருளினர். 16ஆம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் அவ்வாலயத்தை இடித்தொழித்தனர். அதன் கற்கள் மன்னார்க் கோட்டைக்குச் சென்றன என்பது கர்ணபரம்பரை. கோயிலிருந்த இடத்தைக் காடு மூடியது. காலஞ்செல்லச் சைவர் நெஞ்சையும் மறதி மூடியது. அம்மறதியை நீக்க முயன்றவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர். அவர் சரித்திரத்தை இத்தலத்தோடு இயைத்து ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

நாவலர் 1822ஆம் ஆண்டு டிசெம்பர் 18ஆம் நாள் நல்லூரிலே, கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியம்மைக்கும் புதல்வராய்ப் பிறந்தார். யாழ்ப்பாணத்து மெதடிஸ்த பாடசாலையிலே ஆங்கிலங் கற்று, அங்கேயே ஆசிரியராயமர்ந்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே துணைபுரிந்தார். பாடசாலையும் அச்சும் ஒரு சமயத்தை வளர்க்குமாற்றை ஆங்கு அருகிருந்து கண்டார். 1847ஆம் ஆண்டின் இறுதியிலே வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிற் பிரசங்கஞ் செய்யத் தொடங்கினார். 1848இல் ஆங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டம் அளித்தது. பின்னர் அச்சியந்திரங் கொண்டு பாலபாடம், சைவவினாவிடை, பெரியபுராண வசனம் முதலிய நூல்களை வெளிப்படுத்தினார். 1864இல் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை நிறுவினார்.

இவ்வாறு கால் நூற்றாண்டு உழைத்த பின், 1872இல் யாழ்ப்பாணச் சமயநிலை என்னும் பிரசுரத்திலே திருக்கேதீச்சரத்தை நினைவூட்டினார். அவர் இடித்தாரை நோவதோடு அமைந்திலர். ஊர்தோறும் புதிது புதிதாய்க் கோயில் எடுப்போர், தேவாரம் பெற்ற தலம் அழிந்து காடாய்க் கிடத்தலைச் சிறிதும் எண்ணாமையைக் கடிந்தார். தம்மவரைக் கடிதல் எளிதன்று. கோயில் நடத்துவோர் பலர் அவரை வெறுத்தனர். அவரோ சொல்லவேண்டுவதைச் சொல்லாது விட்டிலர். 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்திலே கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தோரை ஊட்டினார். 1879ஆம் ஆண்டு டிசெம்பர் 5ஆம் நாள் சிவபதம் அடைந்தார். அன்றளவும் மாதோட்டத்திலே ஒரு கல்லேனும் எடுத்து வைக்கப்படவில்லை.

ஆயினும் அவர் வாக்கு வீண்போகவில்லை. 1893இல் சைவர் அந்நிலத்தை ஏலத்தில் வாங்கினர். 1894இல் நிலத்தை அகழ்ந்தபோது சிவலிங்கம், நந்தி முதலிய திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1903இல் சிறுகோயில் ஒன்று எழுந்தது. 1948இல் திருப்பணிச் சபை கூடியது. 1952இலும், பின் 1976இலும், 2022இலும் குடமுழுக்குகள் நிகழ்ந்தன. அயலேயுள்ள மாந்தை மேட்டினை 1980 முதல் 1984 வரை ஆராய்ந்தோர், சீனத்து ஓடுகளையும் மேலையாசியத்து ஓடுகளையும் கண்டெடுத்து, பழைய துறைமுகத்தின் பெருமையை விளக்கினர்.

அன்பர்காள்! இன்று பாலாவியிலே நீராடி வழிபடச் செல்லும் நாம், நாவலர் தம் வாழ்நாளிற் காணாததைக் காண்கின்றோம். நம் ஊர்களிலே விளக்கின்றிக் கிடக்கும் பழங்கோயில்கள் இன்னும் உள. புதியதொன்றுக்கு அடிக்கல் இடுமுன், அவற்றுள் ஒன்றையேனும் சென்று காண்போமாக.