தமிழ் அச்சின் தந்தை கணக்கு வைத்துக் காத்த மக்கள்: யார் இந்த அண்ட்ரிக் அடிகளார்?

குரங்கணி என்று தேடினால் போடிநாயக்கனூருக்கு மேலே, ஏலக்காய் மலைச்சரிவில் இருக்கும் ஊர்தான் முதலில் வரும். தூத்துக்குடி மாவட்டத்திலும் ஒரு குரங்கணி உண்டு. ஏரலுக்குப் பக்கத்தில், முத்துமாலை அம்மன் கோயில் இருக்கும் ஊர். அங்கிருந்து தாமிரபரணியோடு கிழக்கே போனால், ஆறு கடலில் கலக்கும் இடத்தில் புன்னைக்காயல் வந்துவிடும். போடி மலைக்கும் இந்தக் கடற்கரைக்கும் பெயரைத் தாண்டியும் ஒரு தொடர்பு இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் கழித்து வருவோம்.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடலாம். போட்டித் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி மனப்பாடம்: தமிழில் முதலில் அச்சான நூல் எது? தம்பிரான் வணக்கம், 1578, கொல்லம். அச்சிட்டவர் ஹென்றிக் ஹென்றிக்கஸ் என்னும் அண்ட்ரிக் அடிகளார். ஒரு மார்க் கிடைத்ததும் அவரை மறந்துவிடுகிறோம். ஆனால், அந்தப் புத்தகம் வெளிவந்தபோது அவருக்கு வயது 58. அதற்கு முந்தைய 31 வருடங்கள் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்?

ஒரு சமூகம் சிதறிவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா சொல்லவில்லை, அந்தக் காலத்தில் முத்துக்குளித்துறை மக்கள் சிதறிப் போக எல்லாக் காரணங்களும் இருந்தன.

1535-இல் முத்துக்குளிப்பு உரிமைக்கான மோதலில் நெருக்கடிக்கு ஆளான பரதவர்கள், கொச்சியிலிருந்த போர்ச்சுக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். பதிலுக்கு ஞானஸ்நானம். அடுத்த இரண்டு வருடங்களில் ஊர் ஊராக மதம் மாறினார்கள். எத்தனை பேர்? பொதுவாகச் சொல்லப்படும் எண் சுமார் 20 ஆயிரம். இது தலை எண்ணி எடுத்த கணக்கு இல்லை, மதிப்பீடுதான். பிறகு 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். திருவிதாங்கூர் கடற்கரையில் மட்டும் ஒரே மாதத்தில் 10 ஆயிரம் பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாகக் கணக்கு அனுப்பினார். பின்னால் வந்த பக்திக் கதைகள் இதை லட்சங்களாக்கிவிட்டன. சவேரியாரின் வாழ்க்கையை அலசி ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் ஷுர்ஹாம்மர், மொத்தமே சுமார் 30 ஆயிரம்தான் இருக்கும் என்கிறார்.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஞானஸ்நானக் கணக்கு வேறு, மக்கள்தொகை வேறு. முன்னது கூடிக்கொண்டே போகும், குறையவே குறையாது. ஊர் எரிந்து பாதிப் பேர் ஓடிப்போனாலும் ரோமுக்குப் போகும் எண்ணிக்கையில் அது தெரியாது. களத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

அந்தக் களத்துக்கு 1547-இல் வந்து சேர்ந்தவர் ஹென்றிக்கஸ். 1520-இல் போர்ச்சுக்கலின் விலா விசோசாவில் பிறந்தவர். யூத வம்சாவளி என்பதற்காகவே பிரான்சிஸ்கன் துறவிகள் அவரை வெளியே அனுப்பினார்கள். 1545-இல் இயேசு சபை சேர்த்துக்கொண்டது. அடுத்த வருடமே இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். பிறப்பைச் சொல்லி ஒதுக்கப்பட்ட ஒருவர், சாதியால் கட்டிறுகிய ஒரு கடற்கரைக்கு வந்து அங்கேயே ஆயுசு முழுக்க இருந்துவிட்டார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. ஜெபங்களை மொழிபெயர்க்கச் சொல்லி மனப்பாடம் செய்து ஒப்பித்தார். ஹென்றிக்கஸ் அந்த வழியில் போகவில்லை. வினைச்சொற்களைத் தேடித் தேடிக் கேட்டு எழுதி, இரண்டே வருடத்தில் ஓர் இலக்கணக் குறிப்பு தயாரித்தார். உடனிருந்த பாதிரியார்கள் தங்களுக்குள்ளும் தமிழில்தான் பேச வேண்டும் என்று விதி வைத்தார், மீறினால் தண்டனை. லிஸ்பனில் கையெழுத்துப் பிரதியாகக் கிடந்த அந்த இலக்கணம் அச்சில் வந்தது 1982-இல்.

மொழி தெரிந்ததால் என்ன பயன்? ஊர்க்கணக்கு கைக்கு வந்தது. சவேரியார் ஒவ்வோர் ஊரிலும் ஒரு கணக்கப்பிள்ளையை வைத்திருந்தார். பாதிரியார் இல்லாதபோது பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, யாருக்கு யார் கல்யாணம் என்று பார்ப்பது, ஜெபம் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அவர் வேலை. சம்பளம் எங்கிருந்து வந்தது தெரியுமா? போர்ச்சுக்கல் ராணியின் காலணிச் செலவுக்காக இந்தக் கடற்கரையில் வசூலான பணத்திலிருந்து! வேடிக்கையாக இருக்கலாம், ஆனால் அதுவும் முத்துக்குளித்தவர்கள் கொடுத்த பணம்தான். இந்த ஏற்பாட்டை இயங்கவைத்தவர் ஹென்றிக்கஸ். புன்னைக்காயலில் மக்களின் காசிலேயே ஒரு மருத்துவமனையும் நடத்தினார்.

இனி போடி மலைக்கு வருவோம். 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் விஜயநகரப் படைகள் தெற்கே இறங்கின. மதுரையில் நாயக்கர் ஆட்சி வேரூன்றியது. உள்நாடு பாளையங்களாகப் பிரிக்கப்பட்டது. மரபாகச் சொல்லப்படும் 72 பாளையங்களில் போடிநாயக்கனூரும் ஒன்று. மலையடிவாரத்தில் பாளையங்களை நிலைநிறுத்திய அதே அலை, கடற்கரையில் ஊர்களைக் காலி செய்தது. முத்துக்கு வரி யாருக்கு என்பதுதான் சண்டை. 1544-இல் வடுகர் படைக்குப் பயந்து மக்கள் குமரிமுனைப் பாறைகளில் ஒளிந்தார்கள். அதே வருடம் மன்னாரில், மதம் மாறியவர்களில் சுமார் 600 பேரை யாழ்ப்பாண மன்னர் சங்கிலி கொன்றார். 1549-இல் வேதாளையில் போர்ச்சுக்கீசியத் தளபதி ராமேஸ்வரம் போகும் பக்தர்களிடம் சுங்கம் பிடுங்கப்போய், வடுகர் படை திரண்டு வந்தது. தப்பிக்க வழியில்லாத மக்களோடு நின்ற அந்தோனியோ கிரிமினாலி பாதிரியார் கொல்லப்பட்டார். அவர் வகித்த தலைமைப் பொறுப்பு 29 வயது ஹென்றிக்கஸ் தலையில் வந்தது.

1553-இல் புன்னைக்காயலே வீழ்ந்தது; போர்ச்சுக்கீசியத் தளபதி கைதியானார். 1560-இல் கோவா வைஸ்ராய் ஒரு தீர்வு சொன்னார்: எல்லோரும் கடல் தாண்டி மன்னார் தீவுக்குப் போய்விடுங்கள், அங்கே கோட்டை கட்டித் தருகிறோம். ஒரு பகுதி மக்கள் போனார்கள், ஹென்றிக்கஸும் போனார். மற்றவர்கள் மறுத்துவிட்டார்கள். போனவர்களிலும் பலர் பிறகு திரும்பினார்கள். பாதுகாப்புத் தருவதாகச் சொன்னவர்களின் வசதிக்காக ஒரு சமூகம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது என்றுதான் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

உலகின் மறுகோடியில் இதேபோல இன்னொரு கதை நடந்தது. தென் அமெரிக்காவில் குவாரானி மக்களை இயேசு சபையினர் 1609 முதல் புதிய ஊர்களில் குடியமர்த்தினார்கள். அடிமை வேட்டைக்காரர்களிடமிருந்து தப்பிக்க, 1631-இல் சுமார் 12 ஆயிரம் பேரைத் தெப்பங்களில் ஏற்றி ஆற்றோடு கூட்டிப்போனார் ருயிஸ் தே மொந்தோயா. அவரும் அந்த மக்கள் மொழிக்கு அகராதி எழுதியவர்தான்! 1732-இல் அந்த 30 ஊர்களில் 1.41 லட்சம் பேர் இருந்தார்கள். 1740-இல் சுமார் 74 ஆயிரம். எட்டே வருடத்தில் பாதி. பெரியம்மை, பஞ்சம், போருக்கு ஆள் பிடிப்பு. நெருக்கமாகக் கட்டிய ஊர்களில் நோய் காட்டுத்தீயாகப் பரவியது.

நம் கடற்கரையில் அப்படி நடக்காததற்குக் காரணம் நிர்வாகத் திறமை அல்ல. பெரியம்மை இங்கே பழைய நோய். போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது இல்லை. அதோடு பரதவர்களை யாரும் புதிய ஊர்களில் திரட்டிக் குடியமர்த்தவில்லை. அவர்கள் தங்கள் பட்டங்கட்டிகளின் கீழ், தங்கள் ஊர்களிலேயே இருந்தார்கள். இங்கே எண்ணிக்கையை ஏற்றி இறக்கியது கத்தியும் வரியும் படகும்தான்.

சிதறிக் கிடக்கும் ஊர்களுக்குப் பாதிரியார் போக முடியாது, புத்தகம் போகும். அச்சுக்கு இப்படியொரு தேவை இருந்தது. எழுத்துக்கள் கோவாவிலும் கொல்லத்திலும் வார்க்கப்பட்டன; செலவுக்குப் பணம் தந்தது பரதவ மக்கள். 1578 அக்டோபர் 20-இல் 16 பக்கத் தம்பிரான் வணக்கம் வந்தது, அடுத்த வருடம் கொச்சியில் கிரீசித்தியானி வணக்கம், 1586-இல் 600 பக்கங்களுக்கும் மேற்பட்ட அடியார் வரலாறு. தம்பிரான் வணக்கத்தின் பிரதி ஒன்று இப்போது அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

ஹென்றிக்கஸ் ஊர் திரும்பவே இல்லை. 1600 பிப்ரவரியில், 80 வயதை ஒட்டி, புன்னைக்காயலில் இறந்தார். மன்னாரும் புன்னைக்காயலும் தளர்ந்து, தூத்துக்குடி முக்கிய ஊராக எழுந்துகொண்டிருந்த நேரம் அது. உடலைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய் அங்கேதான் அடக்கம் செய்தார்கள்.