அம்பேத்கரைப் படிக்கவைத்த வீடு

ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை ஆறாம் வகுப்புக்கு எங்கே சேர்ப்பது? பள்ளி திறக்கும் காலம் நெருங்கினால் முதலியார்பேட்டையில் வீட்டுக்கு வீடு இதே பேச்சுதான். அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா, கட்டணம் எவ்வளவு என்று கணக்குப் போடும் பெற்றோர், அண்ணல் அம்பேத்கரின் பள்ளிக் காலத்தை ஒருமுறை அறிந்துகொள்ள வேண்டும்.

1891 ஏப்ரல் 14 அன்று மத்திய இந்தியாவின் மாவ் ராணுவக் குடியிருப்பில் பிறந்தவர் பீமராவ். தந்தை சுபேதார் ராம்ஜி, ராணுவப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். மகர் சாதியில் பிறந்த அவருக்குக் கல்வியின் வாசலைத் திறந்தது ராணுவம்தான். தாய் பீமாபாய், மகன் சிறுவனாக இருந்தபோதே இறந்துவிட்டார்.

1900 நவம்பர் 7 அன்று பீமராவ் சாத்தாரா அரசு உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். மகாராஷ்டிரத்தில் இன்று அது மாணவர் நாள். ஆனால் சாத்தாராவில் படித்தபோது அந்தச் சிறுவன் வகுப்பின் மூலையில், வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கில் உட்கார வேண்டியிருந்தது. பணியாள் ஊற்றினால்தான் தண்ணீர். அவர் வராத நாளில் தாகம்தான்.

1904இல் குடும்பம் பம்பாய்க்குப் போனது. ஏ.எஃப்.டி. மில்லை நம்பி வாழ்ந்த நம் முதலியார்பேட்டையைப்போல, பரேலும் ஆலைத் தொழிலாளர் பகுதி. அங்கே ஒற்றை அறையில் குடியிருந்துகொண்டு, மகனை முதலில் மராத்தா உயர்நிலைப் பள்ளியிலும், பிறகு பேர்பெற்ற எல்பின்ஸ்டன் அரசுப் பள்ளியிலும் சேர்த்தார் ராம்ஜி.

சமையலும் படுக்கையும் படிப்பும் அந்த ஓர் அறைக்குள்தான். மகனை முன்னிரவிலேயே தூங்கச் சொல்லிவிட்டு, தந்தை விழித்திருப்பார். இரண்டு மணிக்கு மகனை எழுப்பிப் படிக்கவைத்துவிட்டுத் தான் படுப்பார். புத்தகம் வாங்க ஓய்வூதியம் போதாதபோது, கட்டிக்கொடுத்த மகள்களிடம் போய் நிற்பார். அவர்களின் நகை அடகுக்குப் போகும். இருவரைப் படிக்கவைக்க வழியில்லாததால் அண்ணன் ஆனந்தராவ் படிப்பை விட்டு வேலைக்குப் போனார்.

பேர்பெற்ற பள்ளியிலும் சாதி விடவில்லை. கணக்குப் போடக் கரும்பலகையருகே போனபோது, அதன் பின்னால் வைத்திருந்த சாப்பாட்டுப் பாத்திரங்கள் தீட்டாகிவிடும் என்று மாணவர்கள் கூச்சலிட்டார்கள். சமஸ்கிருதம் படிக்க விடாததால் பாரசீகம் எடுத்தார். 1907இல் மெட்ரிகுலேசன் தேறினார். கேலுஸ்கர் என்ற ஆசிரியரின் முயற்சியால் பரோடா மன்னரின் உதவித்தொகை கிடைத்தது. 1912இல் பட்டம் பெற்றார். 1913 பிப்ரவரியில் ராம்ஜி காலமானார். அதே ஆண்டில் மகன் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குக் கப்பலேறினார்.

அக்காக்களின் நகையும் அண்ணனின் படிப்பும் போய்த்தான் ஒருவர் படித்தார். இன்று எட்டாம் வகுப்புவரை கல்வி உரிமைச் சட்டம் இருக்கிறது. அதற்குமேல் படிக்க அரசின் உதவித்தொகை இருக்கிறது. அண்ணனுக்காகத் தங்கையின் படிப்பை நிறுத்த வேண்டியதில்லை.

பள்ளி பார்க்கப் போகும் பெற்றோர் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். நம் பிள்ளைகள் எங்கே உட்காருகிறார்கள், யாரோடு சாப்பிடுகிறார்கள், கழிப்பறையைக் கழுவச் சொல்கிறார்களா என்றும் கேளுங்கள். சேர்த்த பிறகு, வீட்டில் படிக்க ஒரு மூலையும் ஒரு விளக்கும் ஒதுக்குங்கள். ஓர் அறை வீட்டில் ராம்ஜி அதைச் செய்தார்.